முட்டைப்பை கரையும்வரை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை பத்தேகாலுக்கு வந்த ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது. இப்போது பகல் இரண்டு மணி. அழைத்தவளுடைய போன் பன்னிரண்டிலிருந்து வேலை செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாததால் எழுதுகிறேன்.

என் பெயர் மர்ஸூக். பதுளை பஸாரில் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கதை எழுதுவேன். வாடிக்கையாளர்கள் அதைப் பெரிய குற்றமாக எடுப்பதில்லை. இன்று மழை ஐந்தாம் நாள். கடையில் நானும் என் மனைவி ஸல்மாவும் மட்டும்தான்.

முதலில் எழுதிய வரி: 'ஸ்பிரிங்வெளி மலையில் மழை ஒரு...' அடித்துவிட்டேன். மழையை எதனோடாவது ஒப்பிடுகிற மனநிலை இன்று இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை.

இரண்டாவது வரி: 'யசோதினிக்கு மீன் என்றால் உயிர்.' இதுவும் பொய். காலையில் அழைத்த யசோதினிக்கு மீனைக் கண்டாலே ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் கடைக்கு வந்தவள் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து முகம் சுளித்தாள். கடைசியில் கொரி மீன் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"மத்ததெல்லாம் முழிச்சிக்கிட்டே கெடக்கு, பயமா இருக்கு. இது மட்டுந்தாங்க கண்ணச் சிமிட்டுது" என்றாள்.

2

(வாசகருக்குக் கொஞ்சம் மீன் பாடம். அவசரமென்றால் தாண்டிப் போங்கள். நான் தாண்ட முடியாது, எல்லாம் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

கொரிடோராஸ், சுருக்கமாகக் கொரி, விரல் நீளம்கூட இல்லாத கெளுத்தி. தொட்டியின் அடியில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு திரியும். குஞ்சு எடுத்து எனக்கு விற்பதற்காக யசோதினிக்கு நான் கொடுத்தவை ஆறு பாண்டா கொரிகள். வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பாண்டாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அவள் குடியிருக்கிற ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாய்க்கு வருகிற தண்ணீர் அதற்கென்றே செய்தது போலிருக்கும்.

கொரி மழைக்குத்தான் முட்டையிடும். மழை வந்ததாக ஏமாற்ற, தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். யசோதினி இரண்டு வருஷம் பீலித் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து ஊற்றினாள், பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, போகுமுன் விடியற்காலையில் ஊற்றினாள். மீன்கள் ஏமாறவில்லை. குஞ்சு எடுக்க முடியாவிட்டால் அடுத்த மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள்.

இந்த மழையின் முதல் நாளே பெண் மீன், வயிற்றடிச் செட்டைகளுக்கு நடுவில் முட்டைகளைப் பொத்திக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டியது. கடுகளவு முட்டைகள், அறுபத்து மூன்று. பெரிய மீன்கள் தின்றுவிடும் என்று அவற்றை விரலால் உருட்டி எடுத்து ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் தண்ணீரில் வைத்து, பூஞ்சணம் பிடித்து வெளுத்தவற்றைப் பொறுக்கி எறிந்து, நேற்றிரவு நாற்பத்தெட்டுக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டாள்.

3

போன் அழைப்பை இப்படி எழுதியிருந்தேன் (நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்):

"நானா, இந்தக் குஞ்ச இப்ப எடம் மாத்தலாங்களா?"

"கை வெக்க வாணாம் தங்கச்சி. வகுத்துல முட்டைப்பை ஈக்கி. அது கரையிறதுக்கு முன்ன அசைச்சா ஒண்டும் மிஞ்சாது. நாளைக்கிக் காலைல பாருங்க."

"நாளைக்குக் காலையிலயா?"

"ஓ."

"சரிங்க நானா."

லயத்தை விட்டு எல்லோரையும் வெளியேறச் சொல்லியிருப்பது எனக்கு அப்போது தெரியாது.*

* ஸல்மா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த வரி வந்ததும், "பொய் எழுத வாணாம்" என்றாள். "கை ஈரமெண்டு போனை லௌட்ல தானே போட்டீங்க. பின்னால ஸ்பீக்கர்ல அறிவிச்சது எனக்கே கேட்டிச்சி. மண் சரியும், எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க எண்டு. ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

4

கேட்டது.

மூன்றாம் பகுதியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எவ்வளவு சுலபமாக எழுதினேன் என்று நீங்களும் பாருங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துரையிடமோ முதலாளியிடமோ தன் கஷ்டத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். கஷ்டம் என்னவென்று எதிரில் இருப்பவன்தான் கேட்டறிய வேண்டும். முப்பது வருஷமாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிறேன், இது எனக்குத் தெரியாததல்ல. 'நான் போகட்டுமா' என்றுதான் அவள் கேட்டாள். நான் மீனுக்குப் பதில் சொன்னேன்.

அந்தப் பதிலும் முழு உண்மையல்ல. பொலித்தீன் பையில் பாதித் தண்ணீரோடு கட்டி, ஆடாமல் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் பாதிக் குஞ்சாவது பிழைத்திருக்கும். எனக்குப் பாதி போதவில்லை. மலைத் தண்ணீரில் பொரித்த பாண்டா என்று பண்டாரவளை மீன் வியாபாரிகளிடம் ஏற்கெனவே பெருமையடித்திருந்தேன். நாற்பத்தெட்டும் வேண்டுமென்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு, ஸ்பிரிங்வெளி பாதையில் மண் விழுந்துவிட்டது என்று ஆட்டோக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அவளை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. பொலிஸுக்குச் சொன்னேன், கிராம சேவகருக்கும் சொன்னேன். மீட்பு வாகனம் மண்ணுக்கு இந்தப் பக்கம் நிற்கிறதாம்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: மழை விடுகிறது, மலை நிற்கிறது. காலையில் யசோதினி பெட்டியோடு கடைக்கு வருகிறாள், நாற்பத்தெட்டும் உயிரோடு... (இதை எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே இதில் நம்பிக்கை இல்லை.)

இரண்டாவது: 'மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு முதலில் ஒரு'

இதற்கு மேல் கை ஓடவில்லை. போன வருஷம் என் கதையொன்றை வாசித்துவிட்டு யசோதினி சொன்னது நினைவு வந்தது. "ஒங்க கதையில எங்க லயம் எப்பவும் சரிஞ்சிதான் விழுது, நானா. ஒரு தடவையாச்சும் நிக்கட்டுமே."

மூன்றாவது முடிவில் நான் அவளை மறுபடி அழைக்கிறேன், மணி அடிக்கிறது. அதை எழுதிவிட்டு உண்மையிலேயே அழைத்துப் பார்த்தேன். அடிக்கவில்லை.

6

இப்போது போன் வந்திருக்கிறது. தெரியாத இலக்கம். யசோதினியின் புருஷன் ரமேஸ்.

"நானா, ஸ்கூல்லருந்து பேசுறேன். இங்க ஒரு ஐயாவோட போனுங்க. யசோ அங்கதானே இருக்கா? மீன ஒங்க கையில குடுத்துட்டு வர்றேன்னு சொல்லி, என்னையும் புள்ளையையும் முன்னால அனுப்பிட்டா."

பின்னால் குழந்தையின் குரல். "அம்மாவாப்பா?"

போனை லௌடில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். ஸல்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

வாசகரே, நிலைமை இதுதான். யசோதினி கடைக்கு வரவே இல்லை. ரமேஸ் இருக்கும் பாடசாலை மண் விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து லயத்துக்குக் குறுக்குப் பாதையில் அரை மணி நேரம். இன்று அவளிடம் நடந்தே போய்ச் சேரக்கூடியவன் அவன் ஒருவன்தான். அந்தக் குறுக்குப் பாதை, மண் சரியும் என்று காலையில் ஸ்பீக்கரில் பெயர் சொல்லி எச்சரித்த அதே சரிவில்தான் ஏறுகிறது. உண்மையைச் சொன்னால் மகளை யார் மடியிலாவது விட்டுவிட்டு அவன் ஏறிவிடுவான். அவளை இழுத்துக்கொண்டு வரலாம். இரண்டு பேரும் வராமலும் போகலாம். 'இங்கதான் ஈக்கிறா' என்று சொன்னால் குழந்தைக்கு அப்பன் மிஞ்சுவான். அவளைத் தேடி மட்டும் யாரும் போக மாட்டார்கள்.

"நானா, லைன்ல இருக்கீங்களா?"

"ஈக்கிறேன், தம்பி."

இன்று ஒரு தடவை கேட்டதற்கு உடனே பதில் சொன்னேன். அந்தப் பதிலை நம்பி ஒருத்தி மலையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள், அப்படியே சொல்லிவிடுகிறேன். யோசிக்க அதிக நேரம் எடுக்காதீர்கள். அது அவனுடைய போன் இல்லை, உரியவர் திருப்பிக் கேட்கிற சத்தம் கேட்கிறது.