கேடயத்தில் கூம்பிய ஆம்பல்

ஞாயிறு மேற்றிசை சாய, கொரட்டூர்ப் பேரேரியின் நீர்ப்பரப்பு உருக்கிய செம்பை ஊற்றிவைத்தாற்போல் அசைவற்று ஒளிர்ந்தது. நாணற்புதர்களின் ஓரத்தே நாரைகள் தத்தம் நிழலையே நோக்கி நின்றன. கழனியின் பசுமையும் வானின் பொன்னும் ஒன்றிலொன்று கரைந்து, விழித்திருப்போர்க்கும் கனவின் மயக்கத்தை ஊட்டும் வேளை அது. வெள்ளையர் ஆட்சி நிலவிய அந்நாளில், அம்பத்தூரில் புகைவண்டி விட்டிறங்கி, வெண்ணிற நீளங்கி காற்றில் அலைய, வரப்பின் வழியே தனித்து நடந்துவந்தார் சவரிநாத அடிகள். தென்கடற்கரை நாட்டுக்குக் கத்தோலிக்க ஆயராக அவர் அறிவிக்கப்பெற்று இருபது நாள்களே ஆகியிருந்தன.

அவர் கையிலிருந்த தாட்சுருளில் ஆயர் தம் முத்திரையாகக் கொள்ளும் கேடயப் பொறி பாதியளவே வரையப்பட்டிருந்தது. உச்சியில் பச்சைத் தொப்பி. அதன் இருமருங்கும் ஆறாறு குஞ்சங்கள். வலப்பாதியில் சிலுவையும் கன்னித்தாயின் விண்மீனும். இடப்பாதியோ பிறந்த குடியின் அடையாளத்திற்கென வெறுமையாய்க் கிடந்தது. அடிகளோ தந்தையை அறியார். அன்னையும் அவரை ஈன்ற பத்தாம் நாள் கொள்ளைநோயில் மாண்டாள். "கோட்டையொன்று வரைந்துவிடுகிறேன், யார் கேட்கப்போகிறார்?" என்றார், பொறியை வரைந்த அயல்நாட்டுக் குரு. இல்லாத கோட்டையை வாழ்நாளெல்லாம் முத்திரையில் சுமக்க மனம் ஒவ்வாமையால், தம்மை எட்டுத் திங்கள் பாலூட்டிக் காத்த கெங்கம்மாளை நாடி வந்தார் அவர்.

கெங்கம்மாள் உழவர்குடிப் பெண். வேற்றுக்குலத்து மகவை அணைத்தல் ஆகாதென்ற ஊர்க்கட்டுப்பாட்டை மீறி, வைக்கோற்போரின் மறைவில் அமர்ந்து அவள் பாலூட்டினாள். அதனை அறிந்த ஊரார் மூன்றாண்டு பொதுக்கிணற்றை அவளுக்கு மறுத்தனர். அவளோ ஏரிநீரைச் சுமந்து வாழ்ந்தாள்.

கீரைப்பாத்தியில் களைபறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா நைனா, இம்மாந்தூரம் நடந்தா வந்தே? பெரிய சாமியாராயிட்டியாமே!"

அவர் சுருளை விரித்தார். "இது இன்னாது, மாட்டுக்குக் கட்ற குஞ்சமாட்டம் கீது?" என்று நகைத்தாள்.

"இந்தப் பாதி காலியா இருக்கும்மா. இதுல பால் நெறஞ்ச கலயம் ஒண்ணு வரையச் சொல்லப்போறேன். அது நீங்கதான்."

நகை அவிந்தது. பறித்த களையைக் கீழே வைத்தவள், நாற்பத்து நான்கு ஆண்டுகள் நெஞ்சிற் புதைத்ததை மெல்லக் கூறினாள்.

"வாணாம் நைனா. அந்தப் பால் உனக்குன்னு ஊறினது இல்ல. எனக்கு ஒரு பொண்ணு பொறந்துது. முப்பது நாள்தான் இருந்தா. அதே நோவு. அவளப் பொதைச்சிட்டு வந்தேன், மாரு கட்டிக்கினு வலிச்சுது. மறுநாளு உன்னத் தூக்கிகினு வந்தாங்க. அவளுக்கு வந்தத நீ குடிச்சே. என்னிய இன்னாத்துக்குப் போடறே? அவளப் போடு. பேருகூட வெக்கல."

அடிகளின் உள்ளம் அடியற்ற கிணறுபோல் ஆழ்ந்தது. தாம் உயிர்பிழைத்தது ஒருத்தியின் பங்கினால் என்பதை அன்றே அறிந்தார்.

"முகம் எப்படிம்மா இருக்கும்?"

"மறந்துபூடுச்சு. கை மட்டும் ஞாபகம் கீது. எந்நேரமும் இப்டி மூடிக்கினே கெடப்பா" என்று தன் கையைக் குவித்துக் காட்டினாள்.

அக்குவிந்த கைக்கு அப்பால், ஏரியில் இரவை எதிர்நோக்கி ஆம்பல்கள் இன்னும் கூம்பியே இருந்தன. அடிகள் இரண்டையும் மாறிமாறி நோக்கினார்.

அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்ற நாளன்று, நீலநீரில் கூம்பிய வெண்ணிற ஆம்பல் ஒன்று பொறித்த கேடயத்தைக் கண்டோர் பலவாறு பேசினர். கன்னிமையின் குறி என்றார் ஒருவர். மலர்ந்த பூவாயின் அழகாயிருக்குமே என்றார் மற்றொருவர். ஆயர் எழுந்து, "அது என் தமக்கை. என்னினும் இருபது நாள் மூத்தவள். அவளுக்கென ஊறிய பாலை உண்டே நான் உங்கள்முன் நிற்கிறேன்" என்றார். மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குருமார் சிலர் முகம் சுளித்தனர்.

பெண்கள் வரிசையில் புதுச்சேலையின் மொடமொடப்போடு அமர்ந்திருந்த கெங்கம்மாள், அருகிருந்த அறியாதவளின் தோளைத் தொட்டு, "அது எம் பொண்ணு" என்றாள்.

கற்றறிந்தீர்! மன்னர் தம் கொடிகளில் புலியும் மீனும் வில்லும் பொறித்தனர். அவை வென்றோரின் அடையாளங்கள். மலராது போனவளுக்கும் இவ்வுலகில் ஓர் அடையாளம் உண்டாயிற்று. அதனைத் தாங்கியவர் தம் நாள் முடியுமளவும் அதன்கீழ்த் தலைதாழ்ந்தே நடந்தார்.