முழங்கையில் சொட்டும் வரை

அந்த உடற்பயிற்சி அறைக்குப் பெயர்ப்பலகையில் என்னவோ அழகான பெயர்தான் எழுதியிருந்தது. வருகிறவர்கள் மட்டும் அதைச் சூளை என்றே சொன்னார்கள். நடத்துகிறவள் அதனால் சூளைக்காரியானாள். அவளுக்கு அதில் கோபம் இல்லை, உள்ளூரப் பெருமைதான். கதவைச் சாத்தி, சுவரில் இருக்கிற ஹீட்டர்களைப் போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் நிலைக்கண்ணாடி மங்கிவிடும். அப்புறம் கையைத் தூக்கினால் வியர்வை, காலை மடக்கினால் வியர்வை, சும்மா நின்றாலும் வியர்வை. வகுப்பு முடிந்து துண்டைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும். அதைப் பார்த்து, மலையைப் புரட்டிவிட்டு வந்தவர்கள்போல ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வார்கள்.

அவள் யாரையும் ஏமாற்றவில்லை. மனதார நம்பினாள், அதுதான் வம்பு. பிள்ளை பெற்ற பிறகு உடம்பு கனத்துப்போய்க் கிடந்தவள், வேறொருவர் நடத்திய இப்படி ஓர் அறைக்குப் போய்த்தான் தேறினாள். அந்த அறைக்கு வீட்டிலிருந்து நல்ல தூரம். தினமும் நடந்தே போய், நடந்தே வந்தாள். அந்த நடையைப் பற்றி ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. பெயரையெல்லாம் வெப்பம் தட்டிக்கொண்டு போனது.

அவளுக்கு ஒரே தம்பி. பெயிண்ட் கடையில் டப்பா தூக்கிப் போடுகிற வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்தே தீயணைப்பு வண்டி மணி கேட்டால் சோற்றை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறவன். எழுத்துத் தேர்வில் பலமுறை கோட்டை விட்டு, ஒருவழியாக இந்த முறை தேறியிருந்தான். மிச்சம் இருந்தது உடல் தகுதித் தேர்வு. தோளில் தண்ணீர்க் குழாய்ச் சுருளோடு ஆறு மாடிக் கோபுரத்தில் நிற்காமல் ஏற வேண்டும். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

சூளை இருந்த கட்டடத்துக்கும் ஆறு மாடிதான். பின்பக்கப் படிக்கட்டில் அவன் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடியில் நின்றவன் நான்காம் மாடிக்கு முன்னேறியிருந்தான். அவன் பாட்டுக்கு விட்டிருந்தால் ஏறியிருப்பான். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நெருப்புக்குள்ள போற வேலைடா அது. காத்தாட மாடி ஏறி என்ன கிழிக்கப் போற? சூளைக்கு வா. சூடு பழகட்டும், உடம்பு தானா வழிக்கு வரும்."

"படி ஏறத்தானக்கா சொல்றாங்க?"

"இங்க பழகினவனுக்கு படியெல்லாம் ஒரு விஷயமா?"

அக்கா சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, அவனை ஓட்டப் பழக்கியவள் அவள். மணல் மூட்டையைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தான்.

சூளைக்கு என்று அவள் ஒரு விதிமுறை வைத்திருந்தாள். நெற்றி நனைந்தால் உடம்பு விழித்துக்கொண்டது என்று அர்த்தம். நெஞ்சு நனைந்தால் வேலை தொடங்கிவிட்டது. முழங்கையிலிருந்து சொட்டினால் அதுதான் எல்லை. உடனே வேகத்தைக் குறைத்து, மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அந்தச் சூட்டில் அது தேவையான முறைதான், யாரும் மயங்கி விழாமல் காப்பாற்றியது. தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கடையில் டப்பா தூக்கும்போதுகூட முழங்கையைத் தடவிப் பார்ப்பானாம். முதலாளி அவனைக் கொசு கடிக்கிறதா என்று கேட்டாராம்.

இடையில் ஒரு வாரம் ஹீட்டர்கள் பழுதாகிவிட்டன. வகுப்பை நிறுத்த மனமில்லாமல் குளிர்ந்த அறையிலேயே நடத்தினாள். அந்த வாரம் நடந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். பாதியில் சுருண்டு படுக்கிற பெண்மணி கடைசி வரை நின்றாள். எல்லோரும் கூடுதல் எடை தூக்கினார்கள், கூடுதல் நேரம் குதித்தார்கள். ஆனாலும் போகும்போது, "இன்னைக்கு ஒன்னும் பண்ணாத மாதிரியே இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். துண்டு காய்ந்திருந்தது, அவ்வளவுதான் அவர்கள் குறை.

அந்த வாரத்தில்தான் தம்பி ஒரு மாலை மூச்சிரைக்க ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, மூட்டையோட போனேன். ஆறு மாடியும் நிக்காம ஏறிட்டேன்."

"வேர்த்துச்சா?"

"அவ்வளவா இல்ல."

"அப்போ அது கணக்குல சேராது. ஹீட்டர் நாளைக்கு சரியாயிடும், ஒழுங்கா வா."

அவன் முகம் சுருங்கியது. அவள் அதையும் பார்த்தாள். மறுநாள் ஹீட்டர்கள் எரிந்தன, எல்லோரும் சந்தோஷமாக நனைந்தார்கள். மூட்டை மறுபடி படிக்கட்டுக்கு அடியில் போயிற்று.

தேர்வு நாள் காலையில் நல்ல குளிர். பேசினால் வாயில் புகை வந்தது. வேலிக்கு வெளியே மற்ற குடும்பங்களோடு அவளும் நின்றாள். கோபுரத்தின் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு திறப்பு இருந்தது, ஏறுகிறவர் அதில் தெரிந்து மறைவார். விசில் ஊதியதும் தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவினான். பக்கத்தில் நின்ற யாரோ, "பையன் பறக்கிறான்" என்றார்கள். அவளுக்கும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாடித் திறப்பில் அவன் தெரிந்தபோது, குழாயைப் பிடிக்காத கையை மடக்கி முழங்கையை நெஞ்சில் தேய்த்துப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குளிரில் அது எங்கே சொட்டப் போகிறது? சொட்டாதவரை எல்லை வரவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கிறான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா, மெதுவா" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே அது கேட்டிருக்காது. நான்காம் மாடித் திறப்பில் குழாய்ச் சுருள் தெரிந்தது, பிறகு அவன் தோள் சுவரில் சாய்ந்தது. அதற்கு மேல் எந்தத் திறப்பிலும் அவன் தெரியவில்லை.

வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தான். தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. சட்டை காய்ந்திருந்தது.

"நெஞ்சு நல்லாத்தான்க்கா இருந்துச்சு. கால்தான் கேக்கல. இன்னும் தெம்பு இருக்குன்னு நெனச்சேன், சொட்டவே இல்லையே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, "நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் விசாரிக்கத் தொடங்கினாள். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, கேட்டிருக்க வேண்டிய மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டாள். சூடு உடம்பைச் சூட்டுக்குப் பழக்கும், அது பொய்யில்லை என்றார்கள். ஆனால் அந்த அறையில் நெஞ்சு படபடப்பதில் ஒரு பங்கு உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் படுகிற பாடு. அந்தச் சோர்வில் கால் செய்கிற வேலை குறைந்துபோகும். கால் தேற வேண்டுமானால் காலுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். இதைத்தான் அந்த ஒரு வாரம் அவள் கண்முன்னே அறை முழுக்கக் காட்டியது. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். ஒப்புக்கொண்டிருந்தால் சூளை என்ற பெயரையே விட வேண்டியிருந்திருக்கும்.

ஹீட்டர்களை அணைத்தாள். பாதிப்பேர் வேறு சூளை தேடிப் போனார்கள். சுருண்டு படுக்கிற பெண்மணி மட்டும் விடாமல் வந்தாள்.

தம்பி பெயிண்ட் கடையிலேயே இருந்தான். அவன் பிறந்த நாள் வந்து போனது, அதோடு வயது வரம்பும் தாண்டியது. அதற்குப் பிறகு ஒரு மாலை, பின்பக்கப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மணல் மூட்டையோடு அவன் ஏறிக்கொண்டிருந்தான். இனி எந்தத் தேர்வும் இல்லை. கூப்பிட மனம் வராமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள். சத்தம் எங்கும் நிற்காமல் மொட்டைமாடி வரை போயிற்று.

இறங்கி வந்து மூட்டையைக் கீழே வைத்தான். மூச்சு சீராக இருந்தது.

"ஆறும் ஏறிட்டேன்க்கா."

பழைய கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவனே சிரித்தபடி முழங்கையை அவள் பக்கம் நீட்டிக் காட்டினான். காய்ந்துதான் இருந்தது.

"கணக்குல சேராதுல்ல?" என்றான்.