ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத குடல்

ஒலிம்பியாவின் கையில் இருந்த அறிக்கை இரண்டு பக்கம் நீண்டது. அவளுக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. "சீலியாக் நோயாக இருக்கக்கூடும், பிற காரணங்களையும் விலக்குவதற்கில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள். ஒரு மனிதரின் தொண்டை வழியே குழாயை இறக்கிக் குடலில் துணுக்கு கிள்ளி எடுத்தவர்கள், மழை பெய்தாலும் பெய்யும் என்கிற அளவிலேயே பேசி முடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பொதோஷான் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் புறப்பாடுகளை அறிவிப்பது அவளுடைய வேலை. ஆறாம் மேடையிலிருந்து சுச்சாவா பேருந்து புறப்படக்கூடும் என்று அவள் ஒருநாளும் அறிவித்ததில்லை.

சீலியாக் என்றால் கோதுமை குடலுக்கு ஒவ்வாத நோய். கோதுமையை அடியோடு விட்டுவிட்டால் குடல் தானாக ஆறிவிடும். அந்த நோயை அவள் அஞ்சவில்லை. அதுவாகவே இருந்துவிட வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அறிக்கை சொன்ன "பிற காரணங்கள்" என்பதுதான் அவளை அச்சுறுத்தியது. அவளுடைய தந்தை ஐம்பதைத் தொடுமுன் இப்படித்தான் வற்றிப்போனார். இதே உப்புசம், இதே சோகை, இடுப்பில் நிற்காத கால்சட்டை. குடலில் கட்டி என்று ஊர் மருத்துவர் சொன்னார். திறந்து பார்த்தவர் எவரும் இல்லை. அப்போது ஒலிம்பியா பள்ளிச் சிறுமி. இப்போது அவளுக்குத் தந்தையின் வயது.

அறிக்கை இப்படி இரண்டுங்கெட்டானாக வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது மருத்துவமனையின் நடைவழியில் தொடங்கியது.

யாஷ் நகரத்து மருத்துவரைப் பார்க்க முதல் முறை சென்றபோது, கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய ஓர் அம்மாள் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"பொதோஷான்."

"அந்தப் பக்கமா! அங்கல்லாம் இன்னும் மூணு வேளையும் களிதானாமே? பாவம், வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"யாரு சொன்னா உங்களுக்கு? எங்க ஊர்லயும் ரொட்டிக் கடை இருக்கு. கண்ணாடிக் கதவு போட்ட கடை."

"சும்மா கேட்டேம்மா. கோவிச்சுக்காதீங்க."

மக்காச்சோளக் களியை மமலிகா என்று கொஞ்சலாகப் பெயர் சொல்லி, விருந்தில் பாலாடையோடு பரிமாறுவது ஒன்று. களி தின்னி என்று ஒருவரைச் சுட்டுவது வேறொன்று. முன்னது உபசாரம், பின்னது வசை. வெள்ளை ரொட்டி உண்பவன் மேலானவன், களி உண்பவன் கீழானவன் என்ற மூடத்தனம் மன்னர்கள் காலத்தில் தொடங்கி, அதன் பிறகு வந்த எல்லா ஆட்சியையும் பிழைத்து நிற்கிறது. அந்த வசையின் சூடு தணியுமுன்னே ஒலிம்பியாவை உள்ளே அழைத்துவிட்டார்கள். அவளுடைய கணவன் நெலு வெளியே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ரொட்டி சாப்பிடறதுண்டா?" என்று கேட்டார் டாக்டர் டெலியானு.

"என்ன டாக்டரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? ரொட்டி இல்லாம ஒரு சாப்பாடா? மூணு வேளையும் ரொட்டிதான்."

மருத்துவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அவள் ரொட்டியைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் நிறுத்துவதாகத் தீர்மானிக்கவில்லை. ரொட்டி தின்ற நாளெல்லாம் வயிறு மத்தளமாக வீங்கியது, களி தின்ற நாளில் கொஞ்சம் அடங்கியது. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோலக் கை களிச் சட்டியைத் தேடிப் போய்விட்டது. மருத்துவரிடம் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பொய் நாக்கில் இருக்கிறது, நோய் ரத்தத்தில் இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்று நினைத்தாள்.

அறிக்கையை விளக்கியபோதும் மருத்துவர் அந்தப் பொய்யை நம்பியே பேசினார். "நீங்க திங்கற ரொட்டிக்கு, இது சீலியாக்கா இருந்தா ரத்தம் கூவிச் சொல்லணும்மா. இது என்னவோ முனகுது. குடல் துணுக்குலயும் லேசான மாத்தம்தான். எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்."

"வேற என்னவா இருக்கும்னு பாக்கறீங்க?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

ஸ்கேனுக்கு நாள் குறித்து வீடு திரும்பியவள், தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நெலுவுக்குக் கற்பிக்கத் தொடங்கினாள்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றான் நெலு.

"சும்மா. தெரிஞ்சு வெச்சுக்கோ."

"செத்துப்போறவ மாதிரி பேசாத."

"யாரு செத்தா? வெள்ளத் துணிய கலர் துணியோட போடாதன்னு சொன்னேன். அதுக்குள்ள பாடை கட்டிட்ட."

நெலு பொத்தான்களை வரிசையாக அழுத்திக் காட்டினான். தவறாகத்தான் அழுத்தினான். அவள் திருத்தினாள். அடுத்து மின்கட்டணம் எங்கே கட்டுவது, குளிர்காலக் கம்பளிகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று பாடம் தொடர்ந்தது. அவன் எதிர்த்துப் பேசாமல் கற்றுக்கொண்டான். அதுவே அவனும் அஞ்சுகிறான் என்பதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது.

ஸ்கேனும் பிடி கொடுக்கவில்லை. குடல் சுவரில் ஓரிடம் சற்றுத் தடித்திருக்கிறது, அது என்னவென்று படத்தை வைத்துக் கூறவியலாது என்றது. அன்று நெலுவுக்குக் கார் நிறுத்த இடம் உடனே கிடைத்துவிட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி அவனும் அறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

டாக்டர் டெலியானு தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. மூணு வேளையும் ரொட்டி திங்கற ஒரு மனுஷிக்கு..."

"யாரு மூணு வேளை ரொட்டி?" என்றான் நெலு.

"நெலு, நீ சும்மா இரு."

"இவளா? டாக்டரம்மா, எங்க வீட்டுல ரொட்டி திங்கறவன் நான் ஒருத்தன்தான். அதுலயும் பாதி காஞ்சு கோழிக்குப் போகுது. இவளுக்குக் காலைல களியும் பாலும், மத்தியானம் களியும் பாலாடைக்கட்டியும், ராத்திரி மிஞ்சின களிய வறுத்து..."

"ஊரு மானத்த வாங்காதய்யா!"

"மானமா? உசுரு இருக்குமா போகுமான்னு வந்து உக்காந்திருக்கோம், இவளுக்கு மானமாம்!"

மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். கோபப்பட வேண்டிய இடம்தான். அவர் குரலை உயர்த்தவில்லை.

"புளிப்பு சூப்பு, அதான் போர்ஷ், அதெல்லாம் உண்டா?"

"தெனமும் வெப்பேன் டாக்டரம்மா."

"புளிப்புத் தண்ணி கடையில வாங்கறதா?"

"கடையிலயா? சீ! நானே ஜாடியில ஊறப்போட்டு எடுப்பேன்."

"எதப் போட்டு?"

"தவிடுதான். கோதுமைத் தவிடு. எல்லாரும் அதத்தானே போடறாங்க?"

மருத்துவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டுக்குங்கம்மா. ரொட்டிய விட்டீங்க, குடல் ஆறப் பாக்குது. தெனமும் தவிட்டுத் தண்ணிய ஊத்தறீங்க, முழுசா ஆறவும் விட மாட்டேங்குறீங்க. அது ஆமான்னும் சொல்ல முடியாம, இல்லைன்னும் சொல்ல முடியாம முழிக்குது. கோதுமை உள்ள போனாத்தான் அந்தச் சோதனைக்குக் கண்ணு தெரியும். நான் என்னடான்னா வேற வியாதியத் தேடி உங்கள ஸ்கேனுக்குள்ள தள்ளிட்டிருக்கேன். ஏன் சொல்லல?"

"அன்னிக்கு வெளில ஒரு அம்மா இருந்தாங்க," என்றாள் ஒலிம்பியா. "களி திங்கற ஊருன்னு..."

"நான் வஸ்லூய்க்காரி. இன்னிக்குக் காலைல நான் என்ன தின்னேன்னு நெனைக்கறீங்க?"

நெலு முந்திக்கொண்டான். "களியா டாக்டரம்மா?"

"களியும் பாலாடையும். கூட ஒரு முட்டை."

வஸ்லூய் என்றால் பொதோஷான்காரர்களே கேலி பேசும் ஊர். ஒலிம்பியாவுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. இரண்டையும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள்.

மருத்துவரின் கட்டளை எளிமையானது. ஆறு வாரம் நாள்தோறும் ரொட்டி தின்ன வேண்டும். அதன் பிறகு மீண்டும் ரத்தம், மீண்டும் குழாய்.

"அப்பவும் ரத்தம் பேசாம இருந்துச்சுன்னா?" என்று ஒலிம்பியா கேட்டாள்.

"அப்ப மத்ததத் தேடுவோம். ஆனா தெரிஞ்சு தேடுவோம். இதுவரைக்கும் என்னைக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி விட்டுட்டீங்க."

இப்படியாக, ஒரு பெண் தன் நோயை அறிவதற்காகத் தன் நோயைத் தின்னத் தொடங்கினாள். காலையில் நெலு ரொட்டியைத் துண்டு போட்டு வெண்ணெய் தடவி முன்னால் வைப்பான். அவள் மருந்து விழுங்குவதுபோல விழுங்குவாள். முதல் வாரமே வயிறு கல்லாயிற்று. அறிவிப்பின் நடுவே ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஓட வேண்டியிருந்தது. தோரோகொய் பேருந்து எந்த மேடையிலிருந்து புறப்படுகிறது என்று தெரியாமல் பயணிகள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

"வலிக்குதா?" என்பான் நெலு.

"வலிக்குது."

"நல்லா வலிக்குதா?"

"நல்லாவே."

"அப்பாடா," என்பான் அவன். பிறகு தான் சொன்னது என்ன என்று உறைத்து, சிலுவைக்குறி இட்டுக்கொள்வான்.

வலித்தால் நம்பிக்கை பிறந்தது. சற்றுக் குறைந்தால் அச்சம் பிறந்தது. வலிப்பது கோதுமையாலா, அந்தத் தடிப்பாலா என்ற கேள்வி மட்டும் எந்தத் துண்டு ரொட்டியோடும் கரையவில்லை. உடம்பு ஏதோ சொல்லத்தான் செய்தது. ஆனால் உடம்பின் சொல்லை ஏற்று முத்திரை குத்தும் அலுவலகம் உலகில் எங்கும் இல்லை. ஐந்தாம் வாரம் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "போதும் நெலு, எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். அவன் தட்டை மீண்டும் அவள் முன்னால் நகர்த்தினான். அவள் தின்றாள்.

இந்த முறை ரத்தம் முனகவில்லை. சோதனை அளவு மேல்வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. குடல் துணுக்கில், புல்தரை போல நிற்க வேண்டிய, விரல் போன்ற மெல்லிய நீட்சிகள் மழுங்கித் தரையோடு தரையாகக் கிடந்தன. தடிப்பு இருந்த இடத்திலிருந்தும் கிள்ளிப் பார்த்திருந்தார்கள்; அங்கும் இதே அழற்சிதான், வேறொன்றும் இல்லை.

"சீலியாக்தான். சந்தேகமே இல்ல," என்றார் டாக்டர் டெலியானு. "கட்டி கிட்டி எதுவும் கெடையாது."

நெலு நடைவழிக்கு வந்து, "கடவுளே, அவளுக்கு வியாதிதான்!" என்று உரக்கச் சொன்னான். வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

உள்ளே ஒலிம்பியா எழுந்திருக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு டாக்டரம்மா. கட்டின்னாங்க. யாரும் திறந்து பாக்கல."

மருத்துவர் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "இது ரத்த வழியில வரும். அவருக்கு என்னன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஒரே தம்பி இருந்தான். டீனு இத்தாலியில், தொரீனோ நகரத்தில் கட்டட வேலை செய்கிறான். வீட்டுக்கு வந்ததும் ஒலிம்பியா அவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சீலியாக்கா? இங்க அது தெரியாதவனே கெடையாதுக்கா," என்றான் டீனு. "எங்க மேஸ்திரி பொண்ணுக்கு இருக்கு. கடைக்குக் கடை அதுக்குன்னே தனி அலமாரி. நீ பயப்படாத, ஒரு பெட்டி நெறைய அனுப்பறேன்."

"பெட்டி இருக்கட்டும். நீ போய் சோதனைக்கு ரத்தம் குடு."

"எனக்கென்னக்கா? காளை மாதிரி இருக்கேன்."

"அப்பாவும் உன் வயசுல காளைதான்."

பின்னணியில் யாரோ இத்தாலிய மொழியில் சுத்தியல் கேட்டார்கள். பிறகு அவன் குரல் தாழ்ந்து வந்தது.

"அக்கா. அப்பா படுத்திருந்தப்ப, பங்கீட்டு ரொட்டி வருமே. நம்ம நாலு பேரு பங்கையும் அவருக்கே குடுத்தோமில்ல? நாம களி தின்னோம். தேறணும்னு அம்மா அவருக்கு வெள்ளை ரொட்டியப் பாலுல நனச்சு நனச்சு ஊட்டினாங்க."

"ஆமா."

"அவரு வேண்டாம் வேண்டாம்னுவாரு."

"தெரியும் டீனு."

"நான் அழுவேன், எனக்கு ஒரு துண்டு குடுன்னு. அம்மா அடிப்பாங்க."

"தெரியும்."

அந்த வீட்டில் யாரும் தவறு செய்யவில்லை. இருந்ததில் மேலானதைத்தான் கொடுத்தார்கள். தந்தையின் நோய் இதுதான் என்று சொல்லவும் இப்போது வழியில்லை, இதல்ல என்று சொல்லவும் வழியில்லை.

"நாளைக்குக் காலைல போ," என்றாள் ஒலிம்பியா.

"நாளன்னிக்குப் போறேன். நாளைக்குக் காங்கிரீட் போடறோம்."

"நாளைக்கு."

"சரிக்கா." அவன் சிறிது தயங்கினான். "வெறும் வயித்தோட போகணுமா? இல்ல, எப்பவும் போல ரொட்டி தின்னுட்டுப் போலாமா?"

"தின்னுட்டே போ," என்றாள் ஒலிம்பியா. "நல்லாத் தின்னுட்டுப் போ."