வடிவாம்பாள் அக்கா நிறைத்த பெட்டி

என் ஆட்டோ போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. நான் செய்த குற்றம், அடிபட்டுக் கிடந்த ஒரு அம்மாளைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. தூக்கினவன்தான் இடித்தவன் என்று எழுதிக்கொண்டார்கள். இடிக்காமல் எவனாவது தூக்குவானா என்று ஒரு போலீஸ்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் ஸ்டேஷனுக்குள் காலை வைத்தால் அது எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது.

என் பெயர் சத்தியநேசன். வீடு பாறசாலைப் பக்கம். ஆரியசாலையில் தாணுமாலயன் அண்ணாச்சியின் மலைச்சரக்குக் கடை வாசலில் ஆட்டோவைப் போட்டுத்தான் இத்தனை வருஷமும் பிழைப்பு. முத்தாரம்மாள் என்கிற அந்த அம்மாள் விழுந்ததும் அந்தக் கடைக்கு எதிரேதான். சந்துக்குள் திரும்பிய ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி அவளைப் பக்கவாட்டில் தட்டிவிட்டு நிற்காமல் போனது. நான் சவாரியை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவர்கள் கண்டது ரோட்டில் கிடந்த அம்மாளையும் பக்கத்தில் என் ஆட்டோவையும்தான். அம்மாளுக்கு இன்றுவரை நினைவு திரும்பவில்லை.

எனக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. அது அண்ணாச்சி கடைப் பலகைக்கு மேலே இருந்த கேமரா. மறுநாள் காலையில் அண்ணாச்சியும் நானும் கேமராக்காரப் பையன் விபினும் அதை ஓடவிட்டுப் பார்த்தோம். எல்லாம் தெளிவாக இருந்தது. வெள்ளை வண்டி வருகிறது, தட்டுகிறது, போகிறது. அப்புறம்தான் என் ஆட்டோ வருகிறது. வண்டி நம்பர் மங்கலாக இருந்தது, பெரிதாக்கினால் கிடைக்கலாம் என்றான் விபின். நான் அங்கேயே கண்ணை மூடிக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். ஸ்டேஷனில் போய்ச் சொன்னதற்கு, வந்து பார்க்கிறோம் என்றார்கள். வரவே இல்லை.

கேமராப் படம் சேருகிற பதிவுப் பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம் நிறைந்தால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதியும். பென் டிரைவ் போட்டு எடுக்கலாம் என்றால் அதைச் செருகும் ஓட்டை எப்போதோ கெட்டுவிட்டது. அதனால் விபின் உள்ளே இருந்த டிஸ்க்கையே கழற்றி, அண்ணாச்சியின் மனைவி வடிவாம்பாள் அக்கா கையில் கொடுத்தான். வேறு ஒரு டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினான். கடைக்குப் பின்பக்கம்தான் அவர்கள் வீடு. அக்கா அதைப் பட்டுத்துணியில் சுற்றி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அங்கே கிடந்தவரை அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்தச் சங்கடத்தைப் பார்த்துப் பயந்துபோன அண்ணாச்சி, கேமராப் படமும் கடைக் கம்ப்யூட்டரில் உள்ளதும் எல்லாம் நகலாகப் போய்ச் சேருகிற மாதிரி புதிதாக ஒரு பேக்கப் பெட்டி வரவழைத்தார். கடை நெட்வொர்க்கில் அதை இணைத்துவிட்டால் அது பாட்டுக்கு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுமாம். முதலில் புதுப் பெட்டியைத் தயார்செய்வது, பிறகு பழைய டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி அதிலுள்ளதைப் பெட்டிக்கும் பென் டிரைவுக்கும் ஏற்றுவது என்பது விபினின் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னான். முத்தாரம்மாளின் மகன் ஜெயகுமாரையும் அன்றைக்கே வரச் சொன்னோம். தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். கண்ணால் பார்த்துவிட்டால் தானே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் நான் அந்த வாரம் முழுக்கச் சோறு தின்றேன்.

வந்த பெட்டி கறுப்பாக, அஞ்சறைப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. முன்பக்கம் நான்கு அறைகள். விபின் இரண்டு புதிய டிஸ்க்குகளை எடுத்து, இழுப்பறை போல வெளியே வந்த தட்டுகளில் பொருத்தி உள்ளே தள்ளினான். மீதி இரண்டு அறைகள் பிற்பாடு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அக்காவுக்கு அது சமாதானமாகவில்லை. புதுப் பானையோ புதுப் பீரோவோ, எதையும் வெறுமையாக வைத்துப் புழங்க அவள் சம்மதிக்க மாட்டாள். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் தொடங்குவாள். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்த கையோடு, அரிசிக் கிண்ணத்துடன் மறுபடி நெருங்கினாள். விபின் குறுக்கே பாய்ந்து கையை நீட்டித் தடுத்தான். அரிசி, மஞ்சள் ஒன்றும் ஆகாது, உள்ளே டிஸ்க்கைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது என்றான். சரி மோனே என்று அக்காவும் நல்லபடியாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

விபின் வயரை எடுத்துக்கொண்டு, நெட் வருகிற பெட்டியில் இணைக்கப் பின்னால் குடோனுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அக்கா பட்டுத்துணியோடு வந்தாள். துணியைப் பிரித்தாள். விபின் செய்ததைப் பார்த்துவைத்திருந்தவள் அல்லவா, மூன்றாவது தட்டை இழுத்தாள், பழைய டிஸ்க்கை அதில் வைத்தாள், க்ளிக் என்று உள்ளே தள்ளினாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

"உன் காரியந்தான் இதுல முதல்ல ஏறணும் சத்தியநேசா," என்றாள். "எல்லாம் நல்லபடியா முடியும், கேட்டியா."

அந்த ஒரு மாதத்தில் என்னிடம் அவ்வளவு பிரியமாக யாரும் பேசியிருக்கவில்லை. அது அங்கே போகலாமா கூடாதா என்று எனக்கு எப்படித் தெரியும்? டிஸ்க் மட்டும் போகலாம் என்றான், டிஸ்க் போயிருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு நன்றியோடு நின்றேன்.

விபின் திரும்பி வந்தபோது அவன் காதில் போன் இருந்தது. எங்கோ ஒரு ஆபீஸில் நெட் விழுந்துவிட்டது என்று அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ராகுகாலம் பிறப்பதற்குள் தொடங்கிவிடு மோனே என்று அக்கா அவசரப்படுத்தினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு லேப்டாப்பில் எதையோ தட்டினான். திரையில் பெட்டி அகப்பட்டது. அதற்கு ஒரு பெயர் கேட்டது, 'தாணு' என்று கொடுத்தான். அப்புறம் சிவப்பு எழுத்தில் என்னமோ வந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும் என்பது ஆட்டோக்காரனுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு கட்டத்தில் டிக் போட்டு அமுக்கிவிட்டான். தினமும் பார்க்கிற எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பெட்டியில் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. அக்கா கும்பிட்டாள். விபின் போனை வைத்துவிட்டு, சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்து, அப்போதுதான் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான்.

"ஈ மூணாமத்தது ஆரா வச்சே?" என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நாந்தான் மோனே. வெறுமையா கிடக்கப்பிடாதுல்லா," என்றாள் அக்கா. அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

அவன் பாய்ந்து போய் கரன்ட் வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. சாயா மேஜை முழுக்க ஓடியது. ஆரம்பத்தில் ஒரு புதுப் பெட்டி செய்கிற முதல் வேலையே, உள்ளே இருக்கும் டிஸ்க்குகளை எல்லாம் துடைத்துத் தனக்கென்று ஆக்கிக்கொள்வதுதான் என்று அவன் சொன்னான். சிவப்பு எழுத்து சொன்னதும் அதைத்தானாம். எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று என் கண்ணெதிரே அவன் சொல்லியிருக்கிறான்.

பழைய டிஸ்க்கை உருவி, கேமராவின் பதிவுப் பெட்டியில் திரும்ப மாட்டினான். அது இதை யாரென்றே தெரியாது என்றது. புது டிஸ்க் வந்திருக்கிறது, சுத்தம் செய்து தொடங்கட்டுமா என்று கேட்டது. விபின் தன் ஆசானுக்குப் போன் போட்டான். எது எங்கே இருக்கிறது என்று குறித்திருக்கும் தலைப்பகுதிதான் முதலில் போகும், கேமரா டிஸ்க்கில் அது போனால் மீட்பது கஷ்டம், அனுப்பிப் பாருங்கள், ஆனால் ஆசை வைக்காதீர்கள் என்று அந்த மனுஷன் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

அக்கா மட்டும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "பெட்டிக்குள்ளேதானே வச்சேன்," என்றாள். "எங்கே போகும் அது?"

அண்ணாச்சி அவளை என்னவோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் அண்ணாச்சி என்று நான் கையைக் காட்டினேன். எனக்குள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று சுற்றிலும் பார்த்தேன். விபின் சுவரோரம் குந்தி அழுகிற மாதிரி இருந்தான். அக்கா புடவைத் தலைப்பால் மேஜையில் சிந்திய சாயாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிடிப்பதற்கு அங்கே ஒரு சட்டையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜெயகுமார் வந்தான். லாட்ஜில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். உட்காரச் சொல்லி, நடந்ததை அண்ணாச்சிதான் சொன்னார். தான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்ததையும், வெள்ளை வண்டி இடித்ததையும், கோயிலில் வந்து வேண்டுமானாலும் சத்தியம் செய்வதாகவும் சொன்னார். விபினும் பார்த்ததாகச் சொன்னான். நானும் சொன்னேன். மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொன்னதைக் கேட்டபோது, பாடம் பண்ணி வைத்துச் சொல்கிற மாதிரி எனக்கே பட்டது.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குனிந்து அந்தக் கறுப்புப் பெட்டியையும் அதன் மேலிருந்த சந்தனப் பொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், வண்டி நம்பர் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டான். ஒருவருக்கும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அது.

அக்கா அவன் எதிரே போய் நின்றாள். தப்பு தன்னுடையது, சத்தியநேசனை விட்டுவிடு மோனே என்று கையைக் கூப்பினாள். அவன் பதறி எழுந்து, ஐயோ அம்மா, கும்பிடாண்டாம் என்று அவள் கையை இறக்கினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க பொய் சொல்லுகீங்கன்னு நான் சொல்லல்ல," என்றான். "ஆனா எங்க அம்மையை எவனோ ஒருத்தன் இடிச்சுப் போட்டிருக்கான். எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். உங்களையும் விட்டுட்டா, நான் ஆரைப் பிடிச்சுக் கேக்கட்டு?"

அவன் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். அதனால் எனக்குக் கோபப்படக்கூட முடியவில்லை.