அரை டம்ளர் குறைந்த பீரியடு

முப்பது வருஷமாக மணியடிக்கிற பியூனுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நேரத் திருடன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

எல்லாம் புது டீச்சரால் வந்த வினை. பதில் சொல்லிக்கொடுக்கிறதுதானே டீச்சர் வேலை? இந்தம்மா கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தது. அதுவும் புத்தகத்தில் இல்லாத கேள்வியாக, பிள்ளைகளே செய்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

வாலு என்று பேரெடுத்த ஒருத்தி கேட்டாள்: "எல்லாப் பீரியடும் ஒரே நீளமா டீச்சர்?"

அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டினார்கள். மூடியில் ஊசித் துளை. காலையில் ஒருமுறை நிரப்பினால் சாயங்காலம் வரை சொட்டும். ஒவ்வொரு பீரியடுக்கும் அடியில் ஒரு காலி டம்ளர் வைத்தார்கள். முதல் பீரியடில் டம்ளர் முழுசாக நிறைந்தது. கடைசிப் பீரியடில் பாதிதான். மூன்று நாள் செய்து பார்த்தும் அதே கதை.

"பியூன் மாமா, வீட்டுக்கு ஓடறதுக்காகச் சீக்கிரமே மணி அடிச்சிடறாரு!" என்றாள் வாலு.

பேச்சு ஹெச்.எம். காதுக்குப் போயிற்று. பியூனைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் கரண்ட் மணி மாட்டிடுவேன். உனக்கு வேலை இருக்காது" என்றார்.

பியூனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிகாரம் பார்க்காமல் அவர் ஒருநாளும் அடித்ததில்லை. வராந்தாவில் நடந்தார், பாட்டிலை எட்டிப் பார்த்தார், மறுபடி நடந்தார். டீச்சரே தண்ணீரில் கைவைக்கிறாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்.

வியாழன் மத்தியானம் பள்ளித் தண்ணீர் டிரம்மின் குழாயில் வாளி பிடித்தார். காலையில் சீறியடித்த குழாய் இப்போது சிணுங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் அடிமட்டம். வாளியை அப்படியே போட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, பாட்டில் நிறைஞ்சிருக்கிறப்பவும் குறைஞ்சிருக்கிறப்பவும் ஒரே மாதிரியா சொட்டும்? இதை எவனாவது கேட்டீங்களா?"

பிள்ளைகள் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்களா கேக்கட்டும்னு காத்திருந்தேண்ணே" என்றாள் டீச்சர்.

"என் வேலை போற வரைக்குமா?"

டீச்சர் முகம் வெளுத்தது. "ஐயோ, அது எனக்குத் தெரியாதுண்ணே."

கடைசிப் பீரியடுக்குப் பாட்டிலை விளிம்புவரை நிரப்பினார்கள். ஹெச்.எம். வந்து நின்றார். பியூன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நேரம் வந்ததும் அடித்தார்.

டம்ளர் முழுசு.

"சரி, மணி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று ஹெச்.எம். நழுவினார்.

மன்னிப்புக் கேட்பாள் என்று வாலுவை முறைத்தார் பியூன். அவள் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்போ கடிகாரம் சரியா ஓடுதுன்னு எப்படித் தெரியும் மாமா?"

"வீட்டுக்குப் போடி முதல்ல!" என்று விரட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.