முகப்பில் ஒரு கம்பிக்கதவு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட வரிசை வீடுகளில், பழைய புகைப்படத்தில் இல்லாத எதையும் முகப்பில் பொருத்த அனுமதி கிடையாது. ரபேலின் மனைவி லூசி மறதி நோயால் அடிக்கடி சாலைக்குப் போய்விடுவாள். கம்பிக்கதவு கேட்டு விண்ணப்பித்த அவர், வீட்டு முகப்பு தெரியும் ஒரே படத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்த படம்.

"பின்னால கம்பி தெரியுது லா, மிஸ்."

அதிகாரி ஷாமினி உற்றுப் பார்த்தாள். "அது மலர்வளையம் வச்ச ஸ்டாண்டு, அங்கிள். கம்பிக்கதவு இல்ல. அப்ரூவ் பண்ண முடியாது."

"நான் ஜாகா வேலைக்கு, காவல் காக்கப் போனா, அவ கம்பி வழியா ரோட்டப் பாத்துட்டாவது உக்காந்திருப்பா. இப்ப மரக்கதவ வெளிய பூட்டிட்டுத்தான் போகணும். அந்தப் பூட்டுக்கும் பெர்மிட் வேணுமா?"

ஷாமினி விதிகளைப் புரட்டினாள்.

"வேணாம், அங்கிள்."