சாதுவின் வயிறு

காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடிக்காரர் முதலில் விளக்கைப் போடமாட்டார். மூக்குக்கண்ணாடிகளைத் துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, மேசையருகே இருக்கும் மீன்தொட்டியின் முகப்பைத் துடைப்பார், பிறகு குனிந்து, "என்ன சாது, எழுந்தாச்சா?" என்று நலம் விசாரிப்பார். வாடிக்கையாளர் வாசலில் காத்து நின்றாலும் இந்த வழக்கம் மாறாது.

சாது என்பது ஒரு கெளுத்தி மீன். தொலைதூரக் காட்டாற்றிலிருந்து வந்த அரிய இனம். வேட்டையாடித் தின்னும் சாதி. பார்த்தால் அப்படித் தோன்றாது. உள்ளங்கை நீளம், செதிலற்ற கருத்த மேனி, கடுகளவு கண்கள், முகத்தை இரண்டாகப் பிளந்தாற்போன்ற வாய். பகலெல்லாம் தானுண்டு தன் மரக்கட்டையுண்டு என்று அதனடியில் கிடக்கும். அதற்கு வெளிச்சம் ஆகாதென்று தொட்டிக்கு விளக்கே வைக்கவில்லை. வாரம் ஒருமுறைதான் இரை. தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் இத்தனை பக்குவம் பார்த்ததில்லை என்பது மனைவியின் கணிப்பு.

"வாயில நுழையுற எதையும் இதோட விட்டுடாதீங்க" என்று விற்றவர் எச்சரித்திருந்தார். கண்ணாடிக்காரர் தொழில் சுத்தம் உள்ளவர். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி அளக்கும் சிறு அளவுகோலைத் தொட்டியின்மேல் வைத்தே அளந்தார். துணைக்கு விட்ட பொன்மீன், சாதுவைவிட ஒரு விரற்கடை நீளம். பெரியதைச் சிறியது தின்னுமா என்று நிம்மதியானார்.

அந்தப் பொன்மீன்மேல் அவருடைய மைத்துனனுக்கு ஒரு கண். அவன் மோட்டார் பழுது பார்ப்பவன். தொட்டியின் காற்றுப் பம்பைக் கவனிக்க அவனிடமும் ஒரு கடைச் சாவி இருந்தது. "அத்தான், இதை எனக்குக் குடுத்துடுங்களேன்" என்று வரும்போதெல்லாம் கேட்பான். ஒரு விடுமுறை நாளில் வந்து பம்பைச் சரிசெய்துவிட்டுப் போனான். மறுநாள் காலை பொன்மீனைக் காணவில்லை. தொட்டி மூடியோ போட்டது போட்டபடி இருந்தது.

பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க மைத்துனன் வந்தபோது கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் வெடித்தார்.

"கேட்டுக் கேட்டுப் பாத்து, கடைசியில கையையே வச்சுட்டியா?"

"என்ன அத்தான் சொல்றீங்க? நான் அதைத் தொடவே இல்லை."

"அப்போ றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

அவன் சாவியை மேசைமேல் வைத்தான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

மாலையில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்போதுதான் சாது மரக்கட்டையை விட்டு வெளியே வந்து கிடந்தது. வயிறு பந்தாக உப்பியிருந்தது.

"ஏதோ நோவு. மருந்து ஊத்தணும்" என்று பதறினார்.

"செதில் இல்லாத மீனுக்கு மருந்து ஆகாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க? முதல்ல நல்லாப் பாருங்க" என்று பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள்.

பார்த்தவர் இன்னும் நெருங்கிக் குனிந்தார். இழுபட்டு மெலிந்த தோலுக்கடியில் பொன்னிறச் செதில்கள் வரிசை வரிசையாக மின்னின. பொன்மீன் முழுதாக, உடல் மடங்கி, உள்ளே இருந்தது. அவர் அளந்தது நீளத்தை. அளக்காமல் விட்டது வாயையும் வயிற்றையும். தன்னைவிடப் பெரியதைக் கிழிக்காமல், கடிக்காமல், தலையணைக்கு உறை மாட்டுவதுபோல் தன்னையே அதன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது இந்தச் சாது! மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று வியந்து நின்றார். வியப்பு அடங்குமுன் வெட்கம் வந்தது.

"உன் தம்பிகிட்ட நான்..."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நாலு பேர் முன்னாலதானே அவனைத் திருடனாக்குனீங்க?"

மறுநாள் காலை, கண்ணாடி துடைக்கும் அந்தத் துணி சட்டைப் பையில் கிடக்க, தொட்டியைத் துடைக்காமலே மோட்டார் பட்டறைக்குப் போனார். வேலையாட்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் மச்சான் எதையும் எடுக்கலை. கண்ணிருந்தும் குருடனாட்டம் நான்தான் அபாண்டமாப் பழி போட்டேன். தப்பு என்மேல."

மைத்துனன் செம்புக்கம்பிச் சுருளிலிருந்து தலை நிமிரவில்லை. "அப்போ மீனு?"

"சாது முழுங்கிடுச்சு."

சுருள் கீழே விழுந்தது. "அந்தப் பெருசையா? இந்தத் துளியூண்டா?"

"முழுசா. வயித்துக்குள்ள மினுங்குது."

"அடேங்கப்பா!" என்று வாய் பிளந்தவன், பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க அத்தான், நீங்களும் ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

பட்டறையே சிரித்தது. கண்ணாடிக்காரர் அந்தச் சிரிப்பைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, சாவியை நீட்டினார்.

"வர்றதும் வராததும் உன் இஷ்டம். சாவி மட்டும் உன்கிட்ட இருக்கட்டும்."

அவன் தயங்கினான், கையெல்லாம் கிரீஸ். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்த மெல்லிய துணியை எடுத்து, தாமே அவன் கையைத் துடைக்கத் தொடங்கினார்.